கோண அலகு மாற்றம்

கோண அலகு மாற்றம் என்பது ஒரு கோணத்தின் பருமனை மாற்றாமல், அதனை ஓர் அலகிலிருந்து வேறோர் அலகுக்கு மாற்றி எழுதும் கணித முறை ஆகும். பாகை, கலை, விகலை, ரேடியன், கிரேடு, சுற்று ஆகியன பரவலாகப் பயன்படும் கோண அலகுகள் ஆகும். நில அளவை, வானியல், கடற்பயணம், கட்டுமானம், கணினி நிரலாக்கம் முதலிய துறைகள் ஒவ்வொன்றும் தனக்கு வசதியான அலகைக் கையாள்வதால், ஒரு துறையின் அளவீட்டை மற்றொரு துறையில் பயன்படுத்தும்போது அலகு மாற்றம் தேவைப்படுகிறது.

கணக்கு என்ற அளவில் இது எளிய பெருக்கலே. ஆயினும் நீளம், எடை முதலிய அளவைகளைவிடக் கோண அளவையில் குழப்பம் மிகுதியாக ஏற்படுகிறது. ஒரே பாகை பதின்ம முறையிலும் அறுபதின்ம முறையிலும் எழுதப்படுவதும், அலகின் பெயரைக் குறிப்பிடாமல் எண்ணை மட்டும் கூறும் வழக்கமும் இதற்கு முதன்மையான காரணங்கள் ஆகும். எண் ஒன்றாகவே இருந்தாலும் அலகு மாறினால் அது குறிக்கும் இடமும் மாறிவிடும்.

இக்கட்டுரையில் உள்ள எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள மரக்காணம் கடற்கரையைச் சார்ந்தவை. புதுச்சேரிக்கு வடக்கே வங்காள விரிகுடாவின் ஓரத்தில் அமைந்த மரக்காணம், உப்பளங்களுக்கும் மீன்பிடித் தொழிலுக்கும் பெயர் பெற்றது. பக்கிங்காம் கால்வாயின் தென்முனையும் கழுவேலி ஈரநிலமும் இங்கு உள்ளன. இவ்வூரின் ஆள்கூறுகள் தோராயமாக வடக்கு அகலாங்கு 12.20°, கிழக்கு நெட்டாங்கு 79.95° ஆகும்.

கோண அலகுகள்

ஒரு முழுச் சுற்றை எத்தனை பகுதிகளாகப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கோண அலகுகள் வேறுபடுகின்றன.

- சுற்று: ஒரு முழுச் சுழற்சி. செங்கோணம் என்பது சுற்றில் நான்கில் ஒரு பங்கு.
- பாகை (°): சுற்றில் 360 இல் ஒரு பங்கு.
- கலை (′): பாகையில் 60 இல் ஒரு பங்கு. ஒரு சுற்றில் 21,600 கலைகள் உள்ளன.
- விகலை (″): கலையில் 60 இல் ஒரு பங்கு. ஒரு சுற்றில் 12,96,000 விகலைகள் உள்ளன.
- கிரேடு: செங்கோணத்தில் 100 இல் ஒரு பங்கு, சுற்றில் 400 இல் ஒரு பங்கு. இது கோன் எனவும் அழைக்கப்படுகிறது.
- ரேடியன்: வட்டத்தின் ஆரத்திற்குச் சமமான நீளமுள்ள வில், வட்ட மையத்தில் தாங்கும் கோணம். ஒரு சுற்றில் 2π ரேடியன்கள் உள்ளன.

இவற்றுள் கிரேடு, 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் மெட்ரிக் முறையுடன் சேர்ந்து பரவியது. அப்போது மீட்டர் என்பது வடமுனைக்கும் நிலநடுக்கோட்டிற்கும் இடைப்பட்ட தொலைவில் ஒரு கோடியில் ஒரு பங்காக வரையறுக்கப்பட்டது. அதன்படி அத்தொலைவு 10,000 கிலோமீட்டர் ஆகும். நெட்டாங்குக் கோட்டின் வழியே ஒரு கிரேடு 100 கிலோமீட்டருக்குச் சமமாகும். இத்தகைய வசதி இருந்தும், பாகையை இவ்வலகால் அகற்ற இயலவில்லை. எனினும் நில அளவைக் கருவிகளிலும் கணிப்பான்களிலும் இன்றும் இவ்வலகு காணப்படுகிறது.

ரேடியன் மற்ற அலகுகளிலிருந்து வேறுபட்டது. மற்றவை மனிதர் தேர்ந்தெடுத்த எண்களைச் சார்ந்தவை. ரேடியனோ வட்டத்தின் இயல்பிலிருந்தே கிடைப்பது. வில்லின் நீளத்தை ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே ரேடியனில் கோணம் ஆகும். இக்கருத்து ரோஜர் கோட்சு என்பாரால் 1714 ஆம் ஆண்டிலேயே கையாளப்பட்டது. ரேடியன் என்ற சொல் 1873 ஆம் ஆண்டில் அயர்லாந்தின் பெல்பாசுட்டு நகரில், ஜேம்சு தாம்சன் தயாரித்த தேர்வு வினாத்தாளில் முதன்முதலாக அச்சில் வெளிவந்தது.

மாற்று விதிகள்

பாகையும் ரேடியனும்

180 பாகை என்பது π ரேடியனுக்குச் சமம். இந்தச் சமன்பாட்டிலிருந்தே பாகைக்கும் ரேடியனுக்கும் இடையிலான விதிகள் பெறப்படுகின்றன.

- ரேடியன் = பாகை × π ÷ 180
- பாகை = ரேடியன் × 180 ÷ π
- கிரேடு = பாகை × 10 ÷ 9
- பாகை = கிரேடு × 0.9

ஆகவே 1 பாகை சுமார் 0.0174533 ரேடியன் ஆகும். 1 ரேடியன் சுமார் 57.29578 பாகை, அதாவது 57°17′45″ ஆகும். கலையில் கூறினால் 1 ரேடியன் சுமார் 3437.75 கலை, விகலையில் சுமார் 2,06,265 விகலை.

பதின்மமும் அறுபதின்மமும்

பதின்மப் பாகையை அறுபதின்ம முறைக்கு மாற்றும்போது முழு எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னப் பகுதியை மட்டும் 60 ஆல் பெருக்க வேண்டும். அவ்வாறு கிடைப்பதன் முழு எண் கலை ஆகும். எஞ்சிய பின்னத்தை மீண்டும் 60 ஆல் பெருக்கினால் விகலை கிடைக்கும்.

எடுத்துக்காட்டு: மரக்காணத்தின் அகலாங்கு 12.20°. இதில் 0.20 × 60 = 12. எனவே இது 12°12′ ஆகும். நெட்டாங்கு 79.95°. இதில் 0.95 × 60 = 57. எனவே இது 79°57′ ஆகும்.

எதிர்த்திசையில் மாற்றுவதற்குக் கலையை 60 ஆலும் விகலையை 3600 ஆலும் வகுத்துப் பாகையுடன் கூட்ட வேண்டும்.

சாய்வு விகிதமும் கோணமும்

கட்டுமானத் தொழிலில் சாய்வைக் கோணமாகக் கூறாமல் விகிதமாகவோ விழுக்காடாகவோ கூறுவது வழக்கம். விகிதத்தைக் கோணமாக மாற்ற நேர்மாறு டேன் சார்பு பயன்படுகிறது. இது பெருக்கலால் மட்டும் செய்யக்கூடிய மாற்றம் அன்று.

உப்பளத்தில் வாரிக் குவித்த உப்புக் குவியல் ஒன்றின் அடி ஆரம் 3 மீட்டர், உயரம் 2 மீட்டர் எனக் கொள்வோம். சாய்வு விகிதம் 2 ÷ 3 = 0.6667, விழுக்காட்டில் 66.7. இதன் நேர்மாறு டேன் 33.69 பாகை ஆகும். இதனையே 33°41′24″ எனவும், 0.588 ரேடியன் எனவும், 37.43 கிரேடு எனவும் எழுதலாம். இவ்வெண்கள் அனைத்தும் ஒரே குவியலின் ஒரே சரிவைக் குறிப்பவை.

சாய்வு மிகச் சிறியதாக இருந்தால் வேலை எளிதாகிறது. 1000 மீட்டர் நீளத்திற்கு 1 மீட்டர் தாழும் வாய்க்காலின் சாய்வு 0.001 ஆகும். சிறு கோணங்களுக்கு டேன் மதிப்பும் ரேடியன் மதிப்பும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், இக்கோணம் 0.001 ரேடியன், அதாவது 3 கலை 26 விகலை என உடனே கூறிவிடலாம். ஆனால் பெரிய சாய்வுகளுக்கு இது பொருந்தாது. 100 விழுக்காடு சாய்வு என்பது 45 பாகை ஆகும். 90 பாகை அன்று.

மரபு வழிக் கோண அளவைகள்

தமிழ்ப் பஞ்சாங்க முறையில் கோணங்கள் இராசி, பாகை, கலை, விகலை எனப் பிரிக்கப்படுகின்றன. ஒரு சுற்றில் 12 இராசிகள். ஓர் இராசியில் 30 பாகைகள். ஒரு பாகையில் 60 கலைகள். ஒரு கலையில் 60 விகலைகள். வான்வட்டத்தை 27 ஆகப் பிரித்துக் கிடைக்கும் நட்சத்திரப் பகுதி ஒவ்வொன்றும் 13°20′ ஆகும். அதன் நான்கில் ஒரு பங்கான பாதம் 3°20′ ஆகும். எனவே பஞ்சாங்கத்தில் "5 இராசி 12 பாகை 30 கலை" எனக் குறிக்கப்படும் நிலை, 5 × 30 + 12.5 = 162.5 பாகைக்குச் சமம்.

ரேடியன் என்ற பெயர் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அதற்கு இணையான கருத்து இந்திய வானியலில் பயன்பட்டது. கி.பி. 499 ஐ ஒட்டி எழுதப்பட்ட ஆரியபட்டீயத்தின் சைன் அட்டவணையில் வட்டத்தின் ஆரம் 3438 எனக் கொள்ளப்பட்டுள்ளது. வட்டத்தின் சுற்றளவை 21,600 கலைகளாகக் கொண்டு, அதனை 2π ஆல் வகுத்தால் 3437.75 கிடைக்கிறது, அதனை முழு எண்ணாக்கினால் 3438. அதாவது ஆரத்தையும் வில்லையும் ஒரே அலகில் அளக்கும் முறை அங்கே கையாளப்பட்டுள்ளது. ஒரு ரேடியனில் எத்தனை கலைகள் என்ற கேள்விக்கு இன்று கணிப்பான் தரும் விடையும் இதுவே.

இவ்வளவைகளைக் கொண்டு செய்யப்பட்ட கணக்கின் துல்லியத்திற்குப் புதுச்சேரியில் ஒரு சான்று உண்டு. 1825 ஆம் ஆண்டில் அங்கிருந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கர் ஒருவர், தரையில் சோழிகளை அடுக்கியும் நினைவில் இருந்த வாக்கியங்களைப் பயன்படுத்தியும், அவ்வாண்டு மே 31, சூன் 1 ஆம் நாட்களுக்கு இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். இதனை ஜான் வாரன் தமது காலசங்கலிதம் என்னும் நூலில் பதிவு செய்துள்ளார். கணிதவியல் வரலாற்றாசிரியர் ஓட்டோ நியூகேபவர் 1952 ஆம் ஆண்டில் இதனை மீண்டும் ஆராய்ந்தார். கிரகணத்தின் தொடக்கத்தில் பிழை 4 நிமிடமாக மட்டுமே இருந்தது. நடுவிலும் முடிவிலும் அது கூடுதலாக இருந்தது. சந்திரன் சூரியனைவிட ஒரு மணி நேரத்தில் சுமார் 30 கலை கூடுதலாக நகர்வதால், 4 நிமிட நேரப் பிழை வானத்தில் சுமார் 2 கலை கோணத்திற்கு ஈடாகும்.

சோழமண்டலக் கடற்கரையில் வில் அளவீடு

கோண அலகு மாற்றத்தின் பயனைக் காட்டும் பெரிய நிகழ்வு ஒன்று இதே கடற்கரைப் பகுதியில் நடைபெற்றது. வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். இதுவே பின்னர் இந்தியாவின் மாபெரும் முக்கோணவியல் நில அளவையாக வளர்ந்தது. அடிக்கோட்டின் நீளம் சுமார் 7.5 மைல். அதிலிருந்து முக்கோணங்களைத் தொடர்ச்சியாக அமைத்து, கோணங்களை மட்டும் அளந்து, தொலைவுகள் கணக்கிடப்பட்டன.

பூமியின் நெட்டாங்குக் கோட்டில் ஒரு பாகை எவ்வளவு நீளம் என்பதைக் கண்டறிவது இவ்வளவீட்டின் நோக்கங்களுள் ஒன்று. அளக்கப்பட்ட முதல் வில்லின் தென்முனை கடலூரை அடுத்த திருவந்திபுரத்திலும், வடமுனை சென்னைக்கு வடக்கேயும் அமைந்தன. மரக்காணம் இவ்விரு முனைகளுக்கும் இடைப்பட்ட அகலாங்கில் உள்ளது. இரு முனைகளிலும் விண்மீன்களை நோக்கிப் பெறப்பட்ட அகலாங்கு வேறுபாடு 1°34′56.4″ ஆகும். அகலாங்கு 12°32′ இல் ஒரு பாகையின் நீளம் என்ற தலைப்புடன் இதன் விவரம் ஆசியாட்டிக் ரிசர்ச்சசு என்னும் ஆய்விதழின் எட்டாம் தொகுதியில் வெளிவந்தது.

இக்கோணத்தை இன்றைய அளவுகளைக் கொண்டு சரிபார்க்கலாம்.

- 56.4 ÷ 3600 = 0.01567; 34 ÷ 60 = 0.56667. எனவே கோணம் 1.58233 பாகை.
- 1.58233 × π ÷ 180 = 0.027617 ரேடியன்.
- இவ்வகலாங்கில் நெட்டாங்குக் கோட்டின் வளைவு ஆரம் சுமார் 6338.4 கிலோமீட்டர்.
- 0.027617 × 6338.4 = சுமார் 175 கிலோமீட்டர்.

கோணம் ரேடியனில் இருந்தால் மட்டுமே அதனை ஆரத்தால் பெருக்கி நீளத்தை நேரடியாகப் பெற இயலும் என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. 175 கிலோமீட்டரை 1.58233 ஆல் வகுத்தால், இப்பகுதியில் ஒரு பாகை சுமார் 110.6 கிலோமீட்டர் எனக் கிடைக்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து விலகிச் செல்லச் செல்ல இம்மதிப்பு சிறிது சிறிதாகக் கூடுகிறது. பூமி முழுமையான கோளம் அன்று, முனைகளில் தட்டையானது என்பதை இத்தகைய அளவீடுகள் உறுதி செய்தன.

லாம்டன் பயன்படுத்திய பெரிய தியோடலைட்டுக் கருவி சுமார் அரை தொன் எடை கொண்டது. அதன் கிடைவட்டத்தின் விட்டம் 36 அங்குலம், அதாவது 914.4 மில்லிமீட்டர். இத்தனை பெரிய வட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கும் ரேடியன் கணக்கே விடை தருகிறது. வட்டத்தின் ஆரம் 457.2 மில்லிமீட்டர். ஒரு பாகை என்பது வட்டத்தின் விளிம்பில் சுமார் 8 மில்லிமீட்டர் இடைவெளி. ஒரு கலை சுமார் 0.13 மில்லிமீட்டர், ஒரு விகலை சுமார் 0.002 மில்லிமீட்டர் மட்டுமே. நுண்நோக்கிகளின் உதவியின்றி இதனைப் படிக்க இயலாது. வட்டம் இதில் பாதியாக இருந்திருந்தால் இவ்விடைவெளிகளும் பாதியாகியிருக்கும்.

மேலும், பூமியின் வளைந்த பரப்பில் அமையும் முக்கோணத்தின் கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையைவிடச் சற்று மிகுதியாக இருக்கும். முக்கோணத்தின் பரப்பளவைப் பூமியின் ஆரத்தின் இருபடியால் வகுத்தால், அந்த மிகுதி ரேடியனில் கிடைக்கும். அதனை 2,06,265 ஆல் பெருக்கினால் விகலையில் கிடைக்கும். சுமார் 197 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள முக்கோணத்திற்கு இம்மிகுதி ஒரு விகலை ஆகும். நில அளவையாளர் அளந்தது விகலையில். கோட்பாடு விடை தந்தது ரேடியனில். இரண்டையும் இணைத்தது அலகு மாற்றமே.

கடலில் ஆள்கூறுகள்

இன்று மரக்காணம் பகுதியின் மீனவர்களுக்குக் கோண அலகு மாற்றம் புவியிடங்காட்டிக் கருவியின் வழியே வந்து சேர்கிறது. கருவிகள் ஓரிடத்தின் நிலையை மூன்று வகைகளில் காட்டக்கூடியவை. மரக்காணத்தின் அகலாங்கைச் சற்றுத் துல்லியமாக 12.2050° எனக் கொண்டால் அவ்வகைகள் பின்வருமாறு அமையும்.

- பதின்மப் பாகை: 12.2050°
- பாகையும் பதின்மக் கலையும்: 12°12.30′
- பாகை, கலை, விகலை: 12°12′18″

வானிலை அறிக்கைகளும் கைப்பேசி வரைபடங்களும் பெரும்பாலும் முதல் வகையைப் பயன்படுத்துகின்றன. கடற்பயணத்தில் இரண்டாம் வகை மிகுதி. அச்சிட்ட நிலப்படங்களில் மூன்றாம் வகை வழக்கமானது. கம்பியில்லாக் கருவியிலோ தொலைபேசியிலோ எண்களை மட்டும் வாயால் கூறும்போது எந்த வகை என்பது மறைந்துவிடுகிறது.

இவ்வகலாங்கில் ஒரு கலை சுமார் 1.84 கிலோமீட்டர், ஒரு விகலை சுமார் 31 மீட்டர். கடல்மைல் என்னும் அலகும் அகலாங்கின் ஒரு கலையை அடிப்படையாகக் கொண்டே தோன்றியது; 1929 ஆம் ஆண்டில் அது 1852 மீட்டர் என வரையறுக்கப்பட்டது. கிழக்கு மேற்காக ஒரு கலை இங்கு சுமார் 1.81 கிலோமீட்டர் ஆகும். எண்களைத் தவறாகப் படிப்பதால் நேரும் பிழையை இவற்றைக் கொண்டு மதிப்பிடலாம்.

"பன்னிரண்டு புள்ளி இருபது" என்று கூறப்பட்டதை 12°20′ எனக் குறித்துக்கொண்டால், உண்மையான 12°12′ இலிருந்து 8 கலை வேறுபாடு உண்டாகிறது. இது சுமார் 14.8 கிலோமீட்டர் ஆகும். மரக்காணத்துக்கு நேரே நிற்கும் படகைச் செய்யூர் பக்கமுள்ள கடலில் தேட நேரிடும். "பன்னிரண்டு புள்ளி ஐம்பது" என்பதை 12°50′ எனக் கொண்டால் வேறுபாடு 20 கலை, அதாவது சுமார் 37 கிலோமீட்டர். கல்பாக்கத்தை அண்டிய இடம் முட்டுக்காடு அருகே போய்விடும். இவ்வகைப் பிழை அதிக அளவாகச் சுமார் 43 கிலோமீட்டர் வரை செல்லக்கூடும்.

இரண்டாம் வகையை மூன்றாம் வகையாகப் படித்தால் பிழை சிறியது. 12°12.50′ என்பதை 12°12′50″ எனக் கொண்டால் வேறுபாடு 20 விகலை, அதாவது சுமார் 615 மீட்டர். பகலில் இது பெரிதன்று. இரவிலோ மழையிலோ இதுவும் தேடுபவர் கண்ணுக்குப் படகு தென்படாமல் போகப் போதுமானது.

நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணுக்குத் தொடுவானம் எவ்வளவு தொலைவு என்பதையும் கணக்கிடலாம். உயரத்தின் இருமடங்கைப் பூமியின் ஆரத்தால் வகுத்து வர்க்கமூலம் கண்டால் 0.00079 ரேடியன், அதாவது சுமார் 2.7 கலை கிடைக்கிறது. இது சுமார் 5 கிலோமீட்டர். எனவே 14.8 கிலோமீட்டர் தவறான இடத்திற்குச் செல்லும் சிறு படகிலிருந்து, தேடப்படும் சிறு படகைக் காணும் வாய்ப்பு இல்லை எனலாம்.

இதில் மற்றொரு செய்தியும் உண்டு. மரக்காணத்தின் நெட்டாங்கு 79.95 ஆகும். இதனை 79°95′ என எவரும் படிக்க இயலாது. கலையின் மதிப்பு 60 ஐ எட்டுவதில்லை. ஆகவே நெட்டாங்கைப் பார்த்தவுடன் இது பதின்மப் பாகை எனத் தெரிந்துவிடும். ஆனால் 12.20 என்ற அகலாங்கு எவ்வகையிலும் படிக்கக்கூடியதாக இருப்பதால், தன் அலகைத் தானே காட்டிக்கொடுப்பதில்லை. ஆள்கூறுகள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வகையை முடிவு செய்யும் வாய்ப்பு கூடுகிறது.

புயல் அறிக்கைகள்

நிவர் புயல் 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டிப் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை அவ்விடத்தை வடக்கு அகலாங்கு 12.1°, கிழக்கு நெட்டாங்கு 79.9° எனக் குறிப்பிட்டது. அறுபதின்ம முறையில் இது 12°06′, 79°54′ ஆகும். மரக்காணத்திற்குச் சற்றுத் தெற்கே உள்ளது. இதனை 12°1′ எனப் படித்தால் இடம் சுமார் 9 கிலோமீட்டர் தெற்கேயும், 12°10′ எனப் படித்தால் சுமார் 7 கிலோமீட்டர் வடக்கேயும் நகர்ந்துவிடும்.

அலகு மாற்றத்தின்போது துல்லியத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும். ஒரு பதின்ம இடம் வரை தரப்பட்ட 12.1° என்பது 12.05° முதல் 12.15° வரையுள்ள எதையும் குறிக்கலாம். இது சுமார் 11 கிலோமீட்டர் அகலமுள்ள பட்டை ஆகும். இதனை 12°06′00″ என எழுதினால், 31 மீட்டர் வரை சரியாக அறியப்பட்டது போன்ற தோற்றம் உண்டாகும். மாற்றம் செய்வதால் புதிய துல்லியம் எதுவும் பிறப்பதில்லை.

உப்பளத்தில் சூரியனின் ஏற்றக்கோணம்

உப்பளப் பாத்திகளில் உள்ள உவர்நீர் ஆவியாவதற்குச் சூரிய வெப்பமும் காற்றும் காரணங்கள் ஆகும். கிடையான பாத்தியின் மீது நேரடியாக விழும் கதிர்வீச்சு, சூரியனின் ஏற்றக்கோணத்தின் சைன் மதிப்பிற்கு ஏற்ப அமையும். நண்பகல் ஏற்றக்கோணத்தைக் காண, இடத்தின் அகலாங்கிற்கும் சூரியனின் நடுவரை விலக்கத்திற்கும் உள்ள வேறுபாட்டை 90 பாகையிலிருந்து கழிக்க வேண்டும்.

மரக்காணத்தில் ஏப்ரல் 22 அளவிலும் ஆகத்து 21 அளவிலும் நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே வருகிறது. அப்போது சைன் மதிப்பு 1. திசம்பர் 21 அளவில் சூரியன் 23.44 பாகை தெற்கே இருப்பதால் ஏற்றக்கோணம் 90 − 12.20 − 23.44 = 54.36 பாகை, அதாவது 54°22′ ஆகும். இதன் சைன் மதிப்பு 0.813. மற்றவை சமமாக இருப்பின், அன்றைய நண்பகலில் பாத்திக்குக் கிடைக்கும் நேரடிக் கதிர்வீச்சு சுமார் 19 விழுக்காடு குறைவு. எனினும் அக்காலத்தில் உப்பு விளைச்சல் நின்றுவிடுவதற்கு வடகிழக்குப் பருவமழையே முதன்மையான காரணம் ஆகும்.

இக்கணக்கில் மாணவர்களுக்கு நேரும் பிழை ஒன்று குறிப்பிடத்தக்கது. கணிப்பான்கள் பாகை, ரேடியன், கிரேடு என மூன்று நிலைகளில் இயங்கக்கூடியவை. கணினி நிரலாக்க மொழிகளிலும் விரிதாள்களிலும் சைன் முதலிய சார்புகள் பொதுவாக ரேடியனையே எதிர்பார்க்கின்றன. ரேடியன் நிலையில் வைத்து 54.36 இன் சைன் மதிப்பைக் கேட்டால் −0.815 என்ற விடை வரும். எண்ணளவில் இது சரியான விடைக்கு மிக அருகில் இருப்பது தற்செயலே. குறை அடையாளத்தைத் தட்டச்சுப் பிழை எனக் கருதி நீக்கிவிட்டால் தவறு வெளிப்படாமலே போகும். அடுத்து சூன் மாதத்திற்குரிய 78.76 பாகையை இட்டால் −0.218 கிடைக்கும், சரியான விடை 0.981 ஆகும். தலைக்கு மேல் காயும் சூரியன் குறை அளவில் வெப்பம் தர இயலாது என்பதை உணர்ந்தால் முதல் விடையிலேயே பிழையைக் கண்டுகொள்ளலாம்.

கோணமும் நேரமும்

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்வதால் ஒரு மணி நேரம் 15 பாகைக்கும், நான்கு நிமிட நேரம் ஒரு பாகைக்கும் ஈடாகும். மரபு முறையில் ஒரு நாள் 60 நாழிகை. எனவே ஒரு நாழிகை 6 பாகை.

இந்திய நேரம் 82.5° கிழக்கு நெட்டாங்கை அடிப்படையாகக் கொண்டது. மரக்காணம் அதிலிருந்து 2.55 பாகை மேற்கே உள்ளது. 2.55 × 4 = 10.2. எனவே மரக்காணத்தில் நண்பகல், ஆண்டின் சராசரியாகக் கடிகாரம் 12 மணி 10 நிமிடம் 12 வினாடி காட்டும்போது நிகழ்கிறது. நாளுக்கு நாள் இது சில நிமிடங்கள் முன்பின்னாக மாறும்.

சொற்கள் ஒத்திருப்பதால் இங்கும் கவனம் தேவை. கோணத்தின் கலையும் நேரத்தின் நிமிடமும் ஒன்றல்ல. ஒரு நிமிட நேரத்தில் பூமி 15 கலை சுழல்கிறது. அவ்வாறே நாழிகையின் 60 இல் ஒரு பங்காகிய மரபு வழி விநாடி 24 நொடிகளுக்குச் சமம். கடிகாரத்தின் வினாடி அன்று.

சரிபார்க்கும் முறைகள்

கோண அலகு மாற்றத்தில் பிழையைத் தவிர்க்கப் பின்வரும் வழிகள் உதவும்.

- எண்ணுடன் அலகின் பெயரையோ குறியையோ தவறாது எழுதுதல். வாயால் கூறும்போது "புள்ளி" என்பதோடு நிறுத்தாமல் "பாகை", "கலை" ஆகிய சொற்களைச் சேர்த்துக் கூறுதல்.
- கலை, விகலை இரண்டும் 60 ஐவிடக் குறைவாக உள்ளனவா எனப் பார்த்தல். மிகுதியாக இருந்தால் எண் வேறு வகையில் எழுதப்பட்டுள்ளது என்பது உறுதி.
- ரேடியன் மதிப்பைத் தோராயமாக 57 ஆல் பெருக்கி, எதிர்பார்த்த பாகைக்கு அருகில் வருகிறதா எனப் பார்த்தல்.
- கணிப்பானில் 30 இன் சைன் மதிப்பைக் காணுதல். 0.5 வந்தால் அது பாகை நிலையில் உள்ளது. −0.988 வந்தால் ரேடியன் நிலையிலும், 0.454 வந்தால் கிரேடு நிலையிலும் உள்ளது.
- மாற்றிய மதிப்பை மீண்டும் பழைய அலகுக்கு மாற்றி, தொடங்கிய எண் கிடைக்கிறதா எனப் பார்த்தல்.
- ஆள்கூறு எனின், கிடைத்த இடத்தை நிலப்படத்தில் குறித்துப் பார்த்தல். இக்கடற்கரையில் ஒரு பாகை சுமார் 110 கிலோமீட்டர், ஒரு கலை சுமார் 1.8 கிலோமீட்டர், ஒரு விகலை சுமார் 31 மீட்டர் என்ற மூன்று அளவுகளை நினைவில் கொண்டால், பிழை எவ்வளவு பெரியது என்பதை மனக்கணக்காகவே மதிப்பிடலாம்.